பேர் சொல்லிக் கூப்பிடும் ஸ்டேஷன்

கொன்றைமேடு ஸ்டேஷன் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன், முழுசாக நம்புகிறவர்கள் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், முடியாதவர்கள் பாதியாவது எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கீழே குறைத்துக் கேட்டால் கூடையை மூடிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன், ஏனென்றால் வாயால் பிழைத்தவள் நான், என் வாய்க்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

என் பேர் பவுனம்மாள். கொன்றைமேடு ஸ்டேஷனையும் அதை ஒட்டிய ஐராவதம் ஷாப்பிங் மாலையும் சேர்க்கிற மேம்பாலத்தில், தலைக்கிளிப், ஹேர்பேண்ட், ஊக்கு, ஸ்டிக்கர் பொட்டு, கைக்குட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். மொத்தக் கடைக்காரன் துருப்பிடித்த ஊக்கை என் தலையில் கட்டியபோது கற்றது நிறைய, கூட்டம் என் சரக்கை மிதித்துக்கொண்டு வண்டி பிடிக்க ஓடியபோது கற்றது அதைவிட நிறைய, என் பெண் ஓவியாவின் அப்பன் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப்போய் வேறு ஊரில் வேறு வீட்டுக்குப் பால் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது மிச்சத்தையும் கற்றுக்கொண்டேன்.

அப்படிக் கற்றதில் பெரிய வித்தை, போகிற மாதிரி போவது. வாங்குகிறவளாக நான் நிற்கும்போது, விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்து, கையிலிருந்த சாமானை நோகாமல் திருப்பி வைத்து, "இந்த விலைக்கு நீயே வெச்சுக்கப்பா" என்று கோபமாகத் திரும்பி நடப்பேன், நடையில் வேகம் இருக்கும், தூரம் இருக்காது. கடைக்காரன் கூப்பிடுவான், கூப்பிடாமல் எங்கே போவான். விற்கிறவளாக உட்காரும்போதோ, திரும்பிப் போகிற பொம்பளைகளின் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும், யார் நிஜமாகப் போகிறாள், யார் போகிற மாதிரி போகிறாள் என்று. போகிற மாதிரி போகிறவளுக்குக் காது முதுகில் இருக்கும். அவள் மட்டும்தான் என் கிராக்கி. காது முன்னால் இருக்கிறவளைக் கூப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்றைக்கு ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாலுக்குள் ஒரு சின்னக் கடை கேட்டு நான் வருஷக்கணக்காக மேனேஜரோடு மல்லுக்கட்டி, அவனும் இறங்கி, நானும் ஏறி, இன்றைக்கு முடித்துவிடலாம் வாம்மா என்று சொல்லியிருந்தான். ஓவியாவைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவிடம் விட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கிளிப் கூடையையும் எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் அன்று வரவேயில்லை. வயிறு எரிய மேம்பாலம் இறங்கிப் பிளாட்பாரத்துக்கு வந்தால், மூட்டை மூட்டையாகப் பைகளோடு ஜனம். பீச் வண்டி வந்தது, எல்லோரும் முண்டியடித்து ஏறினோம், நானும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்துவிட்டேன், அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்த அம்மா, தினமும் பயணிகளின் கவனத்தைக் கனிவாகக் கேட்கிற அதே அம்மா, வேறு ஒன்றும் சொல்லாமல் "பவுனம்மா" என்றாள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத மனுஷன் உண்டா? திரும்பினேன். பார்த்தால் பிளாட்பாரத்தில் நிற்கிறேன், வண்டி போய்க்கொண்டிருக்கிறது, என் பக்கத்தில் அத்தனை ஜனமும் பைகளோடு நிற்கிறது. எனக்குப் பவுனம்மா என்று கேட்டது, பக்கத்திலிருந்தவளுக்கு சகுந்தலா என்று கேட்டதாம், அவள் புருஷனுக்கு அவன் அம்மா மட்டும் கூப்பிடுகிற செல்லப் பேர் கேட்டதாம், அதை எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டான். யாரும் பதறவில்லை. ஒரு வண்டியை விட்டுவிட்டோம், அடுத்ததில் போகலாம் என்று உட்கார்ந்தோம். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ரோட்டுப் பக்கம் போய் ஆட்டோ பிடிக்கலாம் என்று மாலின் முன்வாசல் வழியாக வெளியேறினவர்கள் மேம்பாலத்தின் மேல் வந்து நின்றார்கள், தண்டவாளத்தோடு நடந்து போனவர்கள் பிளாட்பாரத்தின் மறுமுனையில் ஏறி வந்தார்கள், போனில் யாரைக் கூப்பிட்டாலும் அந்த அம்மாவே எடுத்து, தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றாள்.

சாயங்காலத்துக்குள் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஜனம் என்ன செய்தது தெரியுமா? சாப்பிடப் போனது. மேல்மாடி உணவுக் கூடத்தில் இட்லி தீரவில்லை, அன்றைக்கும் தீரவில்லை, பிற்பாடு என்றைக்கும் தீரவில்லை. கடைகளில் எடுத்த சாமானெல்லாம் விடிந்தால் அதே ஹேங்கரில் அதே விலைச்சீட்டோடு தொங்கியது. வாசலில் தும்பிக்கையை ஆட்டி ஆசீர்வாதம் செய்கிற வெள்ளை யானை பொம்மை ஓயாமல் ஆசீர்வாதம் செய்தது. இன்றே கடைசி என்ற பேனர் காற்றில் ஆடிக்கொண்டேயிருந்தது, அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாலின் செக்யூரிட்டி எட்டியப்பன், விழுப்புரத்துப் பக்கத்து ஆள், அதுவரை என்னைப் பார்த்தால் விசில் ஊதித் துரத்துகிறவன், இப்போது மெத்தைக் கடையில் யார் யாருக்கு எந்த மெத்தை என்று பிரித்துக் கொடுக்கிற பெரிய மனுஷனாகிவிட்டான். "அக்கா, உங்களுக்கு ஸ்பிரிங் மெத்தை வேணுமா, பஞ்சு மெத்தை வேணுமா?" என்று கேட்டான்.

"எனக்கு என் வீட்டுப் பாய் வேணும், குடுப்பியாடா?" என்றேன்.

"அது ஸ்டாக் இல்லக்கா" என்றான், நிஜமாகவே வருத்தப்பட்டு.

துணிக்கடையில் போட்டுப் பார்க்கிற அறைகளைப் புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடிகளுக்கு ஒதுக்கினோம், முகம் பார்க்கிற கண்ணாடி மூன்று பக்கமும் இருக்கிறதே என்று ஒரு பெண் சிணுங்கியதற்குப் போர்வை போட்டு மூடிக் கொடுத்தோம். சினிமா தியேட்டரில் ஒரே படம் ஓடியது, ஜனத்துக்கு வசனம் மனப்பாடமாகி, வில்லனுக்கு முன்னாலேயே வில்லன் பேசுவதைப் பேசிவிட்டார்கள். எஸ்கலேட்டர் கைப்பிடியில் வடகம் காய வைக்கலாம் என்று கண்டுபிடித்தவள் சகுந்தலா. வடகம் மேலே போய்க் கீழே வருவதற்குள் காய்ந்துவிடும் என்று அவள் கணக்கு, கைப்பிடியின் உள்ளே போன வடகம் திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

வண்டிகள் முதலில் நின்று நின்று பார்த்தன, யாரும் ஏறி நிலைக்காததால் நிற்பதை விட்டுவிட்டன. ஆனால் எங்களைத் தாண்டும்போது மட்டும், யார் உத்தரவும் இல்லாமல், டிரைவர்கள் வேகத்தைக் கைவண்டி அளவுக்குக் குறைத்தார்கள், சாவு வீட்டைத் தாண்டும்போது ஹாரனை விட்டுவிடுகிற லாரிக்காரர்கள் மாதிரி. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் குடும்பங்கள் எங்களோடு வாழ்ந்தன. வெளியில் இருப்பவர்கள் டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார்கள், பெட்டிக்கு ஒருவராகப் பிரிந்து உட்காருவார்கள், ஏனென்றால் ஒரு ஜன்னல் ஒருவரைத் தாண்டும் நேரத்துக்குள் ஒரு வரிதான் பேச முடியும். முதல் பெட்டியில் அப்பா, "தம்பிக்குப் பொண்ணு பாத்தாச்சு" என்பார், நடுப்பெட்டியில் அம்மா, "நல்ல எடம்டி, கொணமான பொண்ணு" என்பாள், கடைசிப் பெட்டியில் அந்தத் தம்பியே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "எனக்குப் பிடிக்கலக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு" என்று கத்திக்கொண்டே போய்விடுவான். பதிலைச் சொல்ல மறுநாள் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்திருக்கும். பெண்டாட்டியைப் பிரிந்திருக்க முடியாத ஒருத்தன் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து இறங்கினான், பல் இரண்டு போயிற்று, அதற்கப்புறம் அவனும் எங்களோடு இட்லி தின்றான்.

என் ஓவியா பள்ளிக்கூடம் விட்டு வருகிற வண்டியில் வருவாள். லேடீஸ் பெட்டி வாசலில் யூனிஃபார்மோடு நிற்பாள், பின்னால் ஸ்டெல்லாக்கா தன் துப்பட்டாவால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பாள். நானும் பிளாட்பாரத்தில் கூடவே ஓடினால் ஒரு வரிக்கு மேலே மூன்று நாலு வரி பேசலாம். சாப்பிட்டியா, பேன் பாத்தியா, ஸ்டெல்லாக்காவை எதுத்துப் பேசாத. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் என் ஓட்டம் முடியும். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெறுத்த கோடு வேறில்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் வண்டி ஏறி ஏறிப் பார்த்தார்கள். பாட்டுக் கேட்கிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏறினார்கள், அதற்குள்ளேயே அந்த அம்மா கூப்பிட்டாள். மருந்துக் கடையிலிருந்து கழுத்துப் பட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினான் ஒருத்தன், கழுத்து திரும்பவில்லை, உடம்போடு திரும்பினான். அப்புறம் ஒரு நாள் நான் ஏறும்போது அந்த அம்மா பேரோடு நிறுத்தவில்லை. "பவுனம்மா, மால்ல கடை வேணும்னியே, பின்பக்க மூலையில ஒண்ணு இருக்கு" என்றாள். திரும்பினேன், பிளாட்பாரத்தில் நின்றேன், ஆனால் இந்த முறை கோபத்தோடு ஒரு குறுகுறுப்பும் வந்தது. மூலையிலா? மூலையில் எவள் வந்து கிளிப் வாங்குவாள்?

மறுவண்டிக்குப் போகிற மாதிரி போனேன். "எஸ்கலேட்டர் அடியில" என்றாள். அடுத்த நாள் போகிற மாதிரி போனேன். "லிஃப்டுக்கு எதிர்ல, அட்வான்ஸ் வேணாம்" என்றாள். அடேயப்பா, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு சூடேறுகிறது. அவளும் விட மாட்டாள், நானும் விட மாட்டேன். "உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நடுவுல ஒரு எடம் பாத்துத் தரேன்" என்பாள், "நடுவுல நீயே கடை போட்டுக்க" என்று படியில் கால் வைப்பேன், உடனே இறங்கி வருவாள். இவ்வளவு காலமாக என்னைக் கூடையோடு துரத்திய இடம், இப்போது என் பின்னாலேயே ஓடி வந்து கெஞ்சுகிறது. ஜனம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. தங்களுக்காகவும் பேசித் தரச் சொல்லிக் கேட்டார்கள், ஒருத்திக்கு வெந்நீர் வருகிற குளியலறை, இன்னொருத்திக்குத் தையல் மிஷின், எட்டியப்பனுக்கு விழுப்புரத்து முறுக்கு என்று நான் வண்டி வண்டியாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தேன். வெளியே போவதற்கென்று யாரும் வண்டி ஏறுவது நின்றே போயிற்று. ஏறுவதென்றால் கேட்பது என்றாகிவிட்டது.

ஓவியாவிடமும் பெருமையடித்தேன். "இன்னிக்கு எந்த எடம்மா?" என்று அவள் கத்துவாள், "லிஃப்டுக்கு எதிர்ல!" என்று நான் ஓடிக்கொண்டே கத்துவேன், "இன்னும் கேளு, இன்னும் கேளு!" என்று அவள் கை தட்டுவாள்.

எங்களோடு ஜெகதீசன் சார் என்று ஒருத்தர் இருந்தார், தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அன்றைக்கு வாட்ச்சுக்குப் பட்டை வாங்க வந்து மாட்டிக்கொண்டார். மேம்பாலத்தில் என்னிடம் கைக்குட்டை வாங்குகிறவர்தான். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். நான் வேண்டுமென்றே ஏற்றிச் சொன்னாலும் அதையும் கொடுப்பார், எனக்கு எரிச்சலாக வரும், இந்த ஆளிடம் விற்பதும் தரையில் கிடப்பதைப் பொறுக்குவதும் ஒன்று என்று நினைப்பேன். ஒரு நாள் காலையில் அவர் குடையை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து, மெதுவாக வந்த வண்டியில் ஏறினார். "ஜெகதீசன்" என்று கூப்பிட்டாள். பேரம் பேசும்போது மாதிரியே அதுவும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஜெகதீசன், உங்க குடை" என்றாள். "வாட்ச் பட்டை, தோல்ல" என்றாள். "வாட்ச்சே புதுசு" என்றாள். அவர் பின்னால் பார்க்காமலே, வேண்டாத பஸ் நின்றால் கண்டக்டருக்குக் காட்டுவோமே, அப்படி ஒரு கையை ஆட்டினார். வண்டி போயிற்று, அவரும் போய்விட்டார்.

மறுநாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைத் தாண்டினார். நான் கத்தினேன், "சார், எப்படி சார் போனீங்க?"

"போகணும்னு தோணிச்சும்மா, போனேன்" என்றார்.

"இது ஒரு பதிலா?" என்று சகுந்தலாவின் புருஷன் கொதித்தான். "மந்திரம் கிந்திரம் தெரிஞ்சு வெச்சிருக்கார், சொல்ல மாட்டேங்கறார்" என்றான் எட்டியப்பன். குடையை அந்தப் பெஞ்சிலேயே வைத்து, அதற்குக் குங்குமம் இட்டார்கள்.

நான் மட்டும் குங்குமம் இடவில்லை. அவர் முதுகை நான் பார்த்திருந்தேன். காது அதில் இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்குப் பேரம் இனிக்கவில்லை, ஆனால் விடவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் அந்த அம்மா, "யானைக்கு நேர் எதிர்ல, கண்ணாடிக் கதவு, வாடகை வேணாம்" என்றாள். மாலிலேயே அதற்கு மேல் இடம் கிடையாது. தும்பிக்கை ஆசீர்வாதம் செய்கிற ஒவ்வொரு தலையும் திரும்பினால் என் கடைதான். பள்ளிக்கூட வண்டி வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"யானைக்கு எதிர்லடி!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன்.

"நெஜமாவாம்மா? வாங்கிட்டியா?"

"வாங்கின மாதிரிதான்!"

ஓவியா ஒரு நொடி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், அது என் பழக்கம். "அப்ப நாளைக்கு நான் அங்கயே எறங்கிக்கிறேன்" என்றாள்.

"எறங்காத! எறங்குனா திரும்பிப் போக முடியாதுடி!"

"அதான் போக வேணாமே! கடைய நான் பாத்துக்கறேன்!"

"கால ஒடச்சுருவேன்!"

"வந்தப்பறம் ஒட!"

ஸ்டெல்லாக்கா தலையிலடித்துக்கொண்டாள். "பவுனு, இது சொன்னா செய்யும், உன்ன மாதிரியே! என் கையில பலமில்ல!" மஞ்சள் கோடு வந்துவிட்டது. வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்துடும்மா என்று அவள் அழுதிருந்தால் எனக்குத் தெரியும் சமாளிக்க. அழவில்லை. முடிவு பண்ணிவிட்டாள். அவள் குதித்தால் பல் போகலாம், காலே போகலாம், சக்கரத்தில் மாட்டலாம், ஒன்றும் ஆகாமல் நல்லபடியாக இறங்கினாலும் இந்த இட்லியைத் தின்று, இந்தப் படத்தைப் பார்த்து, இந்த யானையின் கீழேயே வளர்ந்து கிழவியாவாள். பள்ளிக்கூட வண்டி வருவதற்குள் நான் வெளியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் விடிந்ததிலிருந்து வந்த வண்டியிலெல்லாம் ஏறினேன். முதல் வண்டியில், "பேர்ப் பலகையில உன் பேர், லைட்டு போட்டு" என்றாள். திரும்ப மாட்டேன், திரும்ப மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன், பிளாட்பாரத்தில் நின்றேன். அடுத்ததில், "ஏசி" என்றாள். நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன், வாய்விட்டுப் பாடிக்கொண்டு ஏறினேன், என்னையே அறைந்துகொண்டு ஏறினேன். என் கால் போனது, என் காது போகவில்லை. இத்தனை வருஷமாகக் காதைப் பின்னால் வைத்து நடந்தே பழகியவள், முன்னால் வைத்து நடப்பது எப்படி என்று எந்தக் காலுக்குச் சொல்வேன்? அதைவிடக் கொடுமை, ஜனம் கூடிவிட்டது. கை தட்டினார்கள்.

"ஏத்திக் கேளுக்கா, இன்னிக்கு அவ நல்லா எறங்கறா!"

"பேரம் இல்லப்பா, நெஜமாவே போறேன்!" என்று அலறினேன்.

"ஆஹா, அதான் எங்க அக்கா!" என்று விசில் அடித்தான் எட்டியப்பன். "பாருங்கய்யா, கண்ணுல தண்ணி வேற வரவழைக்குது!"

அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். அதையும் பேரத்தில் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். சகுந்தலா மட்டும் சிரிக்காமல் தன் வடகப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினவள் உண்மையைச் சொன்னால் அதுவும் ஒரு சாமர்த்தியமாகத்தான் போய்ச் சேரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூட வண்டி வந்தது.

தூரத்திலிருந்தே தெரிந்தது, ஓவியா முதுகில் பையை இறுக்கக் கட்டியிருந்தாள், ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், குதிக்கும்போது வழுக்காமலிருக்க. அந்த மூளை யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். ஸ்டெல்லாக்காவின் துப்பட்டா இரண்டாகக் கிழிந்து தொங்கியது. நான் ஓடினேன். "வழி விடும்மா, குதிக்கிறேன்!" என்றாள். நான் குதித்தேன், அவள் குதிக்குமுன் மேலே குதித்தேன், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் அவள் பை, வயிற்றால் அவளை உள்ளே தள்ளி வாசலை என் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் என் அடிவயிற்றில் அழுந்தியிருந்தது. ஸ்டேஷன் என் முதுகுக்குப் பின்னால்.

"பவுனம்மா" என்றாள் அந்த அம்மா.

கழுத்து இழுத்தது. தெரியும் எனக்கு, இழுக்கும்.

"பவுனம்மா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். கடையும் எடுத்துக்க, கூடவே பொண்ணையும் எடுத்துக்க, கடையோட சேத்து இலவசமா."

வாழ்க்கை முழுக்க நான் கோபப்பட்டிருக்கிறேன். கடைக்காரர்களிடம், மொத்த வியாபாரிகளிடம், ஆட்டோக்காரர்களிடம், மேனேஜரிடம், ஓவியாவின் அப்பனிடம். அந்தக் கோபமெல்லாம் கத்தும், கையை ஆட்டும், யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இப்போது வந்தது வேறு. அது கத்தவில்லை. என் பெண்ணை, சோப்புக் கட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா மாதிரி அவள் எடுத்துத் தட்டில் வைத்தாள் பாருங்கள், அந்த நொடியில் எனக்கு அவளிடம் பேச ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அவள் மேலே என்னென்னவோ சொன்னாள். யானையையே தருவதாகக்கூடச் சொன்னதாகப் பிற்பாடு ஸ்டெல்லாக்கா சொன்னாள். எனக்குக் கேட்டது ஓவியாவின் மூச்சு மட்டும்தான், புடவைக்குள் சூடாக, ஷூவின் ரப்பர் வாசனையோடு. என் காது முன்னால் வந்துவிட்டது.

மஞ்சள் கோடு எங்கே வந்தது, எப்போது போனது என்று தெரியாது. வண்டி வேகம் எடுக்கத் தொடங்கியது.

அப்போது, பிளாட்பாரத்தின் கடைசி ஒலிபெருக்கியிலிருந்து, மிக மெதுவாக, கனிவாக, "ஓவியா" என்றாள்.

என் வயிற்றில் அந்தச் சின்னத் தலை அசைந்தது. பிடரியைப் பிடித்து அழுத்தினேன். திரும்பவில்லை என் பெண், சத்தியமாகத் திரும்பவில்லை. முகத்தை என் புடவைக்குள் வைத்துக்கொண்டே, மூச்சு முட்டுகிற குரலில், நன்றாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"என்ன குடுப்பீங்க?"

அவள் வாயைப் பொத்தினேன். பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு அமைதி. எனக்கு அந்த அமைதி தெரியும், புதுக் கிராக்கி ஒன்று கூடையருகில் வந்து நின்றால், விலையைச் சொல்லுமுன் நான் விடுகிற அமைதி அது. வண்டி வளைவில் திரும்பியது.

இப்போது நான் வேறு ஸ்டேஷன் வாசலில் உட்காருகிறேன். கூடையில் ஒரே விலை என்று அட்டை எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கோபமாகத் திரும்பிப் போனால் போகட்டும் என்று விடுகிறேன், முதுகைப் பார்ப்பதில்லை. வியாபாரம் முன்பு மாதிரி இல்லை, வயிறு நனைகிற அளவுக்கு ஓடுகிறது. கொன்றைமேட்டைத் தாண்டும் வண்டியில் சில நாள் தனியாகப் போவேன், ஓவியாவைக் கூட்டிப் போவதில்லை. எட்டியப்பன் பிளாட்பாரத்தில் கூட ஓடி வந்து, "அக்கா, எப்படிக்கா போன?" என்பான். "கோவம் வந்துச்சுடா, போனேன்" என்பேன். "இது ஒரு பதிலா?" என்று அவன் நின்றுவிடுவான். சகுந்தலா கையை மட்டும் ஆட்டுவாள். பெஞ்சில் குடைக்குப் பக்கத்தில் நான் விட்டுவந்த கிளிப் கூடைக்கும் குங்குமம் இட்டிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் எங்கள் தெருவுக்குக் கொய்யாப்பழ வண்டி வந்தது. வண்டிக்காரன் விலையைச் சொன்னான், நான் பணத்தை எடுத்தேன். ஓவியா என் கையைத் தட்டிவிட்டாள். "கொஞ்சம் சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பழத்தை நோகாமல் திருப்பி வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், "இந்த வெலைக்கு நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்று விசுக்கென்று திரும்பி நடந்தாள். நடையில் வேகம் இருந்தது, தூரம் இல்லை. வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். நான் இரண்டாகப் பின்னிவிட்ட சடைகளுக்கு நடுவே அவள் முதுகைப் பார்த்தேன்.

காது அங்கேதான் இருந்தது.